சிறு ஒப்பந்ததாரர்களும் ஒப்பந்தப்புள்ளியும்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறுபாலம், மழைநீர் ஓடை, பக்கச்சுவர் போன்ற பணிகளை 17 ஆண்டுகளாக ஒப்பந்தம் எடுத்துச் செய்து வருகிறேன். அரசுப் பணிகளுக்கான ஒப்பந்தப்புள்ளியில் (டெண்டரில்) பெரிய நிறுவனங்களோடு போட்டியிட நம்மால் முடியுமா என்று இத்தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பிமார் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

போன முறை பணியைப் பெற்றவர் அரசு போட்ட செலவு மதிப்பீட்டிலிருந்து (எஸ்டிமேட்) எத்தனை விழுக்காடு குறைத்தார் என்று விசாரித்து, அதைவிட ஒன்று கூடுதலாகக் குறைத்துப் போடுவதுதான் நம்மில் பலரைக் கடனில் தள்ளுகிறது. விளவங்கோடு வட்டத்தில் ஒரு சிறுபாலத்தை நானும் அப்படித்தான் எடுத்தேன். பணியிடத்தைப் போய்ப் பார்க்கவில்லை. அஸ்திவாரம் தோண்டியதும் ஊற்று கிளம்பியது. இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருக்கும்போதே தென்மேற்குப் பருவமழையும் வந்துவிட்டது. அந்த நஷ்டத்தை அடைக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998-இன் கீழ் வந்த விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான பணிகளுக்குப் ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்கக் குறைந்தது 15 நாள் அவகாசம் தரப்பட வேண்டும். அந்த நாட்களை நான் இப்போது பணியிடத்தில்தான் செலவிடுகிறேன். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே போகும் பாதையில் டாரஸ் லாரி திரும்புமா, இல்லை ஜல்லியைச் சிறிய டெம்போவில் மாற்றி ஏற்ற வேண்டுமா, ஐப்பசி மழையில் ஓடைத் தண்ணீர் எதுவரை ஏறும் என்பதையெல்லாம் அவ்வூர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் தோண்டும் வேலைக்குத் தோதான மாதங்கள் குறைவு என்பதால், பணி ஆணை எப்போது கைக்கு வரும் என்பதும் விலையைத் தீர்மானிக்கிறது. வெளியூரிலிருந்து வரும் நிறுவனத்துக்கு இந்த விவரங்கள் எளிதில் கிடைக்காது. நமக்கு உள்ள உண்மையான பலம் இதுதான்.

ஆவணங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இணையத்தில் டெண்டர் போடத் தேவையான மின்னணுக் கையொப்ப டோக்கன் காலாவதியாகியிருப்பதைக் கடைசி நாள் மாலையில் கண்டுபிடிக்காமல் இருந்தால் போதும்.

சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இருந்தாலே முன்னுரிமை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. மத்திய அரசின் கொள்முதல் கொள்கை சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கும் 25 விழுக்காடு பொருட்களுக்கும் சேவைகளுக்கும் உரியது. கட்டுமானப் பணி ஒப்பந்தத்துக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம். அதைவிட, 2022 ஜூலையில் அரசுப் பணிகளுக்கான ஜிஎஸ்டி 12-இலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்ததை மனத்தில் வைத்து, நாம் எழுதும் விலை வரியைச் சேர்த்ததா சேர்க்காததா என்று ஒவ்வொரு டெண்டரிலும் படித்துப் பாருங்கள். பில் தாமதமாகும் என்று தெரிந்தே கணக்குப் போட வேண்டும். கையிலிருக்கும் பணம் இரண்டு பணிகளுக்குத்தான் போதும் என்றால் மூன்றாவதை விட்டுவிடலாம்.

அதிகாரிகளிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பல ஊர்களின் சிறு பணிகளைச் சேர்த்து ஒரே டெண்டராக விடும்போது, ஆண்டு வருமானம், முன் அனுபவம் ஆகிய நிபந்தனைகளிலேயே நாங்கள் வெளியே நின்றுவிடுகிறோம். அப்படித் தொகுத்து விட்ட ஒரு பணியைப் பெற்ற நிறுவனம் பிறகு உள் ஒப்பந்தத்துக்கு என்னிடமே வந்தது. எங்கள் ஊர் ஓடையை, எங்கள் கொத்தனார்களை வைத்து, நான்தான் கட்டினேன்; இடையில் அவர்கள் எடுத்துக்கொண்ட பங்கு போக மிஞ்சியதில் சிமெண்டுக்கும் கூலிக்கும் கொடுத்தேன்.