வீடு வாங்கும்போது மட்டும் நினைவுக்கு வரும் பள்ளி மாவட்டம்

கலிஃபோர்னியாவில் வீடு தேடும் தமிழ்க் குடும்பம் எத்தனை படுக்கையறை என்று பிறகுதான் கேட்கும். முதல் கேள்வி, எந்தப் பள்ளி மாவட்டம்? ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புதான் அது. பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், எந்தத் தெருவுக்கு எந்தத் தொடக்கப் பள்ளி, அங்கிருந்து பிள்ளை எந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதே மாதிரி வீட்டைவிட இந்தப் பக்கத்து வீட்டுக்குக் கூடுதலாகக் கொட்டிக்கொடுக்கவும் தயங்குவதில்லை. சாவி கைக்கு வந்த மறுநாளே அந்த மாவட்டத்தை மறந்துவிடுகிறோம். வாரந்தோறும் அது அனுப்பும் செய்திமடல் திறக்கப்படாமலேயே அஞ்சல் பெட்டியின் அடியில் போய்ச் சேர்கிறது.

யாரையோ குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நானும் ஆறு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை, எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு வரி வந்தது: ‘நம் தெருவை வேறு பள்ளிக்கு மாற்றுகிறார்களாம்.’ நம் குழுக்களில் எந்தச் செய்தியும் இந்த ‘ஆம்’ விகுதியோடுதான் வரும். மாற்றுகிறார்களாம், மூடுகிறார்களாம், ஆசிரியரை நீக்கிவிட்டார்களாம். யார் சொன்னார்கள் என்று கேட்டால் பதில் இராது. ஆனால் அன்று அது உண்மை. செவ்வாய்க்கிழமை, மாவட்டத்தை ஆளும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவான பள்ளி வாரியத்தில் வாக்கெடுப்பு. நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பள்ளியிலிருந்து, இரண்டு பெரிய சாலைகளைக் கடந்து போகவேண்டிய பள்ளிக்கு எங்கள் தெரு முழுவதையும் மாற்றும் தீர்மானம்.

திங்கட்கிழமை காலை மாவட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மறுமுனையில் இருந்த பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: நவம்பரில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது, ஜனவரியில் இன்னொன்று, இரண்டும் செய்திமடலில் அறிவிக்கப்பட்டன. தேடி எடுத்துப் பார்த்தேன். இருந்தது. மேலே மாவட்டத்தின் தலைமை அதிகாரியான சூப்பரிண்டெண்டென்டின் இலையுதிர்கால வாழ்த்து, அதற்குக் கீழே கால்பந்து அணியின் படம், பிறகு உணவுப் பொருள் சேகரிப்பு, காய்ச்சல் தடுப்பூசி முகாம், இசைக்குழுவின் நிதி திரட்டல். அதற்கும் கீழே, ஆறாவதாக, ‘சேர்க்கை எல்லைகள் குறித்து உங்கள் கருத்தை வரவேற்கிறோம்’ என்று ஒரே வரி, ஓர் இணைப்பு. முதலில் அவர்கள்மேல் கோபம் வந்தது. பிறகு ஒரு மடலைக்கூடத் திறக்காத என்மேல். பிறகு மறுபடியும் அவர்கள்மேல். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் காலை நேரத்தையே மாற்றப்போகும் செய்தியைத் தடுப்பூசிக்கும் இசைக்குழுவுக்கும் கீழே வைக்கும் கையை எனக்கு இன்னும் மன்னிக்க மனம் வரவில்லை.

செவ்வாய் மாலை கூட்டத்துக்குப் போனேன். எங்கள் குழுவில் 212 பேர். வந்தவர்கள் ஒன்பது பேர்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அமெரிக்கப் பெண்மணி இருந்தார். அவருடைய பிள்ளைகள் பள்ளியை முடித்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதாம். ஆனாலும் ஒரு கூட்டமும் விடுவதில்லை. மடியில் அச்சிட்ட தாள் கட்டு, பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கோடு. ‘நீங்கள் செய்திமடலைப் படித்துவிட்டு வருகிறீர்களா?’ என்று கேட்டார். அதைக்கூடப் படிக்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ‘படிக்காவிட்டாலும் பரவாயில்லை. நிகழ்ச்சி நிரலைப் படியுங்கள்’ என்றார்.

அன்று கற்றுக்கொண்டது அதுதான். செய்திமடல் என்பது கல்யாணப் பத்திரிகை. முகூர்த்தம் குறித்து, மண்டபம் பிடித்து, எல்லாம் முடிந்தபின் அச்சாவது. வந்து வாழ்த்தலாம், சாப்பிடலாம், மாப்பிள்ளையை மாற்ற முடியாது. பேச்சுவார்த்தை நடக்கும் இடம் நிகழ்ச்சி நிரல். கலிஃபோர்னியாவில் 1953-இல் வந்த பிரவுன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பள்ளி வாரியம் தன் வழக்கமான கூட்டத்துக்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பே நிரலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்கிறது அது. செவ்வாய் மாலைக் கூட்டம் என்றால் பெரும்பாலும் வெள்ளி மாலையே வந்துவிடும். நிரலில் இல்லாத எதையும், அரிதான அவசரங்கள் நீங்கலாக, அவர்கள் தீர்மானிக்க முடியாது. ஆக, ஒளித்துவைக்க அவர்களுக்கு இருக்கும் ஒரே இடம் அந்த நிரலுக்குள்ளேயேதான்.

ஒளித்துவைக்கவும் வழி உண்டு. ‘கன்சென்ட் காலண்டர்’ என்று ஒரு பகுதி வரும். வழக்கமான செலவுகள், ஒப்பந்தங்கள், நியமனங்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, விவாதமின்றி ஒரே வாக்கில் நிறைவேற்றுவார்கள். முப்பது நாற்பது இனங்கள் அரை நிமிடத்தில் கடந்துபோகும். பெரும்பாலானவை உண்மையிலேயே சாதாரணமானவைதான், தாள் வாங்குவதும் கூரை ஒழுகலைச் சரிசெய்வதும். ஆனால் பிள்ளைகளின் விவரங்களைச் சேகரிக்கும் ஒரு புதிய செயலிக்கான ஒப்பந்தமும் அதே மூட்டையில் இருக்கலாம். வாரிய உறுப்பினர் ஒருவர் கேட்டால் போதும், அந்த ஓர் இனத்தை மட்டும் வெளியே எடுத்துத் தனியாக விவாதிப்பது வழக்கம். உறுப்பினருக்கு முதல்நாள் மின்னஞ்சல் எழுத எந்த இமிகிரேஷன் ஆவணமும் வேண்டாம்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. கூட்டத்துக்கு வராத நண்பர்கள் பலர் சொன்ன காரணம், ‘நமக்கு ஓட்டே இல்லை, நாம் போய் என்ன பேசுவது?’ ஓட்டு இல்லை என்பது சரி. எச்-1பி விசாவில் இருப்பவருக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் வாரியத் தேர்தலில் வாக்குரிமை கிடையாது. சான் ஃபிரான்சிஸ்கோ ஒரு விதிவிலக்கு. அங்கே 2016-இல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட ஒரு தீர்மானத்தின்படி, குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்கலாம். ஆனால் பேசும் உரிமை எல்லா ஊரிலும் எல்லாருக்கும் இருக்கிறது. கூட்டத்தில் உட்காருவதற்குப் பெயரையோ முகவரியையோ சொல்லவேண்டும் என்று நிபந்தனை போடக்கூடப் பிரவுன் சட்டம் இடம்தரவில்லை. பெரும்பாலான இடங்களில் ஆளுக்கு மூன்று நிமிடம். எதிரே விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளாகி, சிவப்பாகும்.

நிரலில் இல்லாத விஷயத்தைப் பேசினால் உறுப்பினர்கள் கல்லாகச் சமைந்திருப்பார்கள். அவமதிப்பு என்று நினைத்து நம்மவர் ஒருவர் அன்று பாதியில் எழுந்து போய்விட்டார். நிரலில் இல்லாததை விவாதிக்க அவர்களுக்கு அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

இனி நமக்குக் கசக்கும் ஒரு சேதி. எல்லைகள் ஏன் மாற்றப்பட்டன? பிள்ளைகள் குறைகிறார்கள். 2014-15-இல் இந்த மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் 62 லட்சத்துக்கும் மேல் படித்தார்கள். 2023-24-இல் அது 58 லட்சத்தைச் சற்றே தாண்டியது. பிறப்பு குறைகிறது, வீட்டு விலை தாங்காமல் இளம் குடும்பங்கள் வெளியேறுகின்றன. சொத்து வரியே தேவைக்கு மேல் வரும் சில மாவட்டங்களைத் தவிர, மற்றவற்றுக்கு மாநிலம் தரும் பணம் பதிவேட்டில் எத்தனை பெயர் என்பதைப் பொறுத்ததல்ல. நாள்தோறும் சராசரியாக எத்தனை பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள் என்பதைப் பொறுத்தது. டிசம்பரில் இரண்டு வார விடுமுறையோடு இன்னும் மூன்று வாரம் சேர்த்துப் பொங்கல் முடித்துத் திரும்பும் நாம், அந்தக் கணக்கில் எங்கே வருகிறோம் என்று யோசித்திருக்கிறோமா? ஊருக்குப் போகக்கூடாது என்று சொல்ல நான் யார், என் மாமியாரே விடமாட்டார். ஆனால் கிளம்பும் முன்பே பள்ளியோடு ‘இண்டிபென்டென்ட் ஸ்டடி’ ஒப்பந்தம் போட்டு, கொடுத்த பாடங்களை முடித்துத் தந்தால், அந்த நாள்களை வருகையாகக் கணக்கிட வழி இருக்கிறது. செய்யாவிட்டால் 180 நாளில் 18 நாள் தவறியதுமே பிள்ளையின் பெயர் ‘நாள்பட்ட வருகையின்மை’ பட்டியலில் ஏறும். இந்த விவரமும் செய்திமடலில் ஆண்டுதோறும் வருகிறது, எங்கோ ஏழாவது எட்டாவது இடத்தில்.

தமிழில் வந்தால் படிப்போமே என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு பள்ளியில் 15 சதவீத மாணவர்களாவது ஒரே பிறமொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தால், அறிவிப்புகளை அந்த மொழியிலும் அனுப்பவேண்டும் என்பது மாநில விதி. நாம் அந்த எண்ணிக்கையை எட்டும் பள்ளி அரிது. தவிர, ஆங்கிலத்தில் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, பள்ளி மடல் மட்டும் தமிழில் வேண்டும் என்பது எனக்குச் சாக்காகவே படுகிறது.

அன்றைய கூட்டத்தின் முடிவைச் சொல்லவில்லையே. தீர்மானம் நிறைவேறியது, ஐந்து உறுப்பினர்களில் நான்கு பேர் ஆதரவோடு. ஆனால் ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அதே பள்ளியில் தொடரலாம் என்று ஒரு திருத்தம் சேர்ந்தது. அதைக் கேட்டவர்கள் நாங்கள் ஒன்பது பேர்தான். ஒரே குரலில் கூடக் கேட்கவில்லை, எனக்கு இரண்டாவது நிமிடத்திலேயே தொண்டை அடைத்துவிட்டது. என் மகள் இப்போதும் நடந்தே பள்ளிக்குப் போகிறாள். நவம்பரிலேயே ஐம்பது பேர் போயிருந்தால் எல்லைக்கோடே வேறாக இருந்திருக்குமோ என்று அவளை அனுப்பும்போதெல்லாம் தோன்றும்.

மார்ச் மாதத்தில் நிரலைத் தவறவிடக்கூடாது என்பதையும் அந்தப் பெண்மணிதான் சொல்லிக்கொடுத்தார். அடுத்த ஆண்டு வேலை இல்லாமல் போகக்கூடிய ஆசிரியர்களுக்கு மார்ச் 15-க்குள் முன்னறிவிப்பு கொடுத்தாகவேண்டும். அதனால் எந்தெந்தப் பணியிடங்களைக் குறைப்பது என்ற தீர்மானம் அதற்கு முன்பே வாக்கெடுப்புக்கு வரும். நேற்று மாலை நிரல் வந்துவிட்டது, 214 பக்கம். 131-ஆம் பக்கத்தில் நூலக ஆசிரியர் பணியிடங்களை நான்கிலிருந்து இரண்டாகக் குறைக்கும் தீர்மானம். வாட்ஸப்பில் போட்டுவிட்டேன், ‘ஆம்’ விகுதி இல்லாமல், பக்க எண்ணோடு. செவ்வாய் மாலை ஆறரை மணி. வாசலுக்கு இடப்புறம், மூன்றாவது வரிசையில் இருப்பேன்.