சூக்கோட பியானோவ அந்த ஒரு "லவ் சாங்"கோட நிறுத்திடாதீங்க

செக் நாட்டு இசையமைப்பாளர் யோசெஃப் சூக்கோட பேரத் தேடினா முதல்ல வர்றது எப்பவும் அந்த "லவ் சாங்" தான், ஓபஸ் 7ல (ஓபஸ்னா படைப்போட வரிசை எண்) முதல் பீஸ். நல்ல பீஸ்தான், எனக்கும் பிடிக்கும். ஆனா அது இருபது வயசுகூட ஆகாத பையன் எழுதினது. பியானோ தொகுப்பு ஆல்பங்கள்ல சூக்னா அந்த ஒண்ண மட்டும் போட்டுட்டு போயிடறாங்க, அதனால நிறைய பேர் அவர் ஏதோ இனிப்பா நாலு பீஸ் எழுதினவர்னு நெனச்சுக்கறாங்க, அதுதான் எனக்குப் பொறுக்கல.

ஓபஸ் 28 கேளுங்க. 1907ல எழுதினது, பேரு "அம்மாவைப் பத்தி", மொத்தம் அஞ்சு பீஸ். ரெண்டு மாசமா ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் ஹெட்ஃபோன் மாட்டிட்டு இதைத்தான் கேட்டுட்டிருக்கேன்.

பின்னணி தெரிஞ்சா இன்னும் நெருக்கமா இருக்கும். சூக், பெரிய செக் இசையமைப்பாளர் த்வோர்ழாக்கோட மாணவர், 1898ல அவரோட பொண்ணு ஒட்டிலியேவக் கட்டிக்கிட்டு மாப்பிள்ளையும் ஆனார். 1904 மே மாசம் மாமனார் போயிட்டார். அவர் நினைவா "ஆஸ்ரயேல்" (மரண தேவதையோட பேர்) சிம்ஃபனிய எழுத ஆரம்பிச்சு அது பாதியில நிக்கறப்போ, 1905 ஜூலைல ஒட்டிலியேவும் போயிட்டாங்க. இதய நோய், 27 வயசு. வீட்ல நாலு வயசுகூட முடியாத ஒரு பையன். சிம்ஃபனியோட மிச்சத்த மாத்தி எழுதி முடிச்சார், அது இன்னைக்கு அவரோட பெரிய படைப்புன்னு பேர் வாங்கியிருக்கு. அதுக்கப்புறம்தான் அந்தப் பையனுக்காக இந்த அஞ்சு பீஸ்.

என்னைக் கேட்டா ஆஸ்ரயேல விட இதுதான் கஷ்டமான வேலை. அங்க முழு ஆர்கெஸ்ட்ராவ வெச்சு வாய்விட்டு அழலாம். இங்க கேக்கப்போறது குழந்தை, அதுகிட்ட அழ முடியாது, பொய்யும் சொல்ல முடியாது. அம்மா சின்னப் பொண்ணா இருந்தப்போ, ஒரு வசந்த காலத்துல, உடம்பு சரியில்லாத குழந்தைக்கு அம்மா ராத்திரி பாடினது, அம்மாவோட இதயம், நினைவு. அஞ்சு தலைப்பும் இவ்வளவுதான், கதை சொல்ற அப்பா பேசற மாதிரியே இருக்கும்.

நாலாவதுதான் என்னை விடமாட்டேங்குது. "அம்மாவோட இதயம்"னு பேர வெச்சுட்டு ஒரே ஸ்வரத்த நாடித் துடிப்பு மாதிரி திரும்பத் திரும்பத் தட்ட வெக்கறார், அதுக்கு மேல பாட்டு போயிட்டிருக்கு. அந்த அம்மா செத்ததே இதயக் கோளாறுலதான்னு தெரிஞ்சுகிட்டு கேட்டுப் பாருங்க. அடுத்த துடிப்பு வருமா வராதான்னு நம்ம உடம்பே காத்திட்டிருக்கும்.

அதனாலதான் இதுக்கு ரெக்கார்டிங் ரொம்ப முக்கியம். அந்தத் துடிப்ப பெருசாக்கி நாடகம் பண்ணினா போச்சு, பின்னணி மாதிரி அமுக்கினாலும் போச்சு. எனக்கு முதல்ல பாவெல் ஷ்டேபான்தான், சுப்ராஃபோன்ங்கற செக் ரெக்கார்டிங் கம்பெனி வெளியிட்டது. அவரோட அப்பா வாட்ஸ்லாவ் ஷ்டேபானும் பியானிஸ்ட், சூக் இசைய ஆராய்ஞ்சு எழுதினவர். அம்மா இலோனா குர்ட்ஸோவாவும் பெரிய பியானிஸ்ட். சூக் இசை வீட்ல பேச்சு வழக்கு மாதிரி புழங்கின குடும்பம், அது வாசிப்புல தெரியுது, எங்கயும் இழுத்து உருக்கமாட்டார், சொல்லவேண்டியத சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிடுவார், நமக்குத்தான் தொண்டை அடைக்கும். பழைய ரெக்கார்டிங், சத்தம் கொஞ்சம் வறண்டாப்புல இருக்கும், எனக்கு அது ஒரு குறையாவே படல.

தென்னாப்பிரிக்கால பிறந்த நீல் இம்மெல்மன், சூக்கோட பியானோ படைப்பு எல்லாத்தையும் மெரிடியன்ங்கற ரெக்கார்டிங் கம்பெனிக்கு வாசிச்சு வெச்சிருக்கார். முழுசாக் கேக்க ஆசைப்பட்டா அங்க போங்க, இப்படி ஒருத்தர் உக்காந்து மொத்தத்தையும் செஞ்சதுக்கே கையெடுத்துக் கும்பிடணும். சாண்டோஸ்ல மார்கரெட் ஃபிங்கர்ஹட், ஹைபீரியன்ல ஜொனதன் ப்ளோரைட் ஆல்பங்களும் இருக்கு.

இவ்வளவு நல்ல இசை ஏன் வெளிய தெரியலன்னா, எனக்குத் தோணற காரணம் ஒண்ணு இருக்கு. சூக் வயலின்காரர். செக் குவார்டெட்ங்கற நாலு பேர் தந்திக் குழுவுல ரெண்டாவது வயலினா நாப்பது வருஷம் ஊர் ஊராப் போனவர். பியானிஸ்டாவும் இருந்த ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவ் மாதிரி தன் பியானோ இசையத் தானே மேடை மேடையாத் தூக்கிட்டுப் போக அவரால முடியல, அந்த வேலைய வேற யாராவதுதான் செஞ்சிருக்கணும்.

இன்னொரு செட்டும் இருக்கு, ஓபஸ் 30, 1909, பத்து பீஸ், பேர "வாழ்ந்ததும் கனவு கண்டதும்"னு சொல்லலாம். அஞ்சாவது, உடம்பு தேறி எந்திரிச்ச அதே பையனுக்காக, "என் மகன் குணமானதுக்கு"ன்னு எழுதினது. பத்தாவது, க்ரெச்சோவிட்செ இடுகாட்டு மூலைல இருக்கற மறந்துபோன கல்லறைகளப் பத்தி. க்ரெச்சோவிட்செ சூக் பொறந்த கிராமம். 1935ல அவரையும் அங்கதான் கொண்டுபோய்ப் புதைச்சாங்க.

ரெண்டு செட்டையும் ஒரே ராத்திரில கேக்காதீங்க. முதல்ல அம்மா, அப்புறம் ஒரு வாரம் விட்டு இது. கேட்டுட்டு நாலாவது பீஸ் எப்படி இருந்ததுன்னு கமென்ட்ல சொல்லுங்க, இதப் பத்திப் பேச எனக்கு ஆள் வேணும்.