பால்கனிக்கு நாமே பெயிண்ட் அடிக்கலாமாம்

வீடியோவில் பார்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலைதான். கண்ணாடி போட்டு அடைத்த, மேற்கு பார்த்த பால்கனி, ரோலரால் ரெண்டு இழுப்பு, அப்புறம் ஒரு மணிபிளான்ட், சுபம். பழைய பெயிண்டைச் சுரண்டுவதை மட்டும் எவரும் காட்டுவதே இல்லை. ஜன்னலுக்குக் கீழே உப்பு பூத்த இடத்தில் தகட்டை வைத்தால் பெயிண்டோடு சிமெண்ட் பூச்சும் பொலபொலவென்று உதிர்கிறது. அதைத் தேய்த்து, பட்டி பார்த்து, காய்ந்தபின் 320 நம்பர் உப்புத்தாளால் மறுபடி தேய்த்து, பிரைமர் அடித்து நிமிர்வதற்குள் தலைமுடி, மூக்கு, காபி டம்ளர் எல்லாம் வெள்ளை.

இதில் வெயில் வேறு. மதியம் அடித்தால் எமல்ஷன் பெயிண்ட் சுவரில் பட்ட கையோடு இறுகி, ரோலர் போன வழியெல்லாம் கோடு. சரி, சாயங்காலம் அடிக்கலாம் என்றால் கொசு வந்து ஈரச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. கண்ணாடி ஓரத்தில் ஒட்டிய மாஸ்கிங் டேப்போ, வெயிலில் கிடந்து பசை இளகி, உரித்தால் தாள் மட்டும் கையோடு வருகிறது, பிசுக்கு அங்கேயே. இதைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை பாருங்கள். கிரில் கம்பிகளை இன்னும் தொடவே இல்லை, அதற்குள் துணி எங்கே காயப்போடுவது என்று வீட்டில் கேள்வி.