முதல் விதை இல்லை

“குமரி மாவட்டத்தில் ஓவிய மரபே கிடையாது, இந்த வார இறுதி ஓவியர் கூடல்தான் முதல் விதை” என்கிறது அந்தக் கூடலைப் பற்றி வந்த ஒரு கட்டுரை. அப்போ பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகைச் சுவர்களில் இருப்பது என்ன? 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள். திருநந்திக்கரை குடைவரைக் கோயிலில் அவற்றுக்கும் முந்தைய ஓவியங்களின் தடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மங்கலாகத்தான். சில வருடங்களுக்கு முன் நாகர்கோவிலில் இதே மாதிரி ஒரு கூடலுக்குப் போனேன். முதல் நாள் பூராவும் ஐரோப்பிய நீர்வண்ணம் பற்றிய பேச்சு. ஐப்பசி மழையில் பயிற்சித் தாள் காயவே இல்லை, ஆளாளுக்கு விசிறிக்கொண்டிருந்தோம். மறுநாள் ஒரு சுவரோவியக் கலைஞர் வந்தார். சுண்ணாம்பை இளநீரில் குழைத்துப் பலகையில் பூசி, செங்காவிக் கல்லைத் தண்ணீர் விட்டு உரைத்து, வேப்பம்பிசின் கலந்து ஒரு கோடு இழுத்தார். கூட்டம் அவரைச் சுற்றியே நின்றது. பாவம், அவருக்கு ஒதுக்கியது முக்கால் மணி நேரம். அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர், ஓவியமோ சிற்பமோ “படிக்கணும்னா சென்னை, கும்பகோணம்தான் போகணும்” என்று எழுதியிருக்கிறார். பட்டத்துக்கு என்றால் சரி. கல்லில் கைபழக இதே மாவட்டத்து மயிலாடி சிற்பக்கூடங்கள் போதாதா? அடுத்த கூடலிலாவது ஞாயிறு காலை அமர்வை மண்டபத்தில் வைக்காமல், வேன் பிடித்து எல்லோரையும் திருநந்திக்கரைக்குக் கூட்டிப் போங்கள்.