அந்தப் பிள்ளை பயந்து வேர்க்கவில்லை

ஒரு கிழமையாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பரிசளிப்பு விழாக் காணொளி ஐந்தாவது தடவையும் என் பக்கத்தில் வந்து விழுந்த பிறகு முடியவில்லை. எந்தக் காணொளி என்று உங்களுக்குத் தெரியும். நான் அதை இங்கே போட மாட்டேன். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் நாலு பேருக்குப் போக வேண்டாம்.

நடந்தது பத்துச் செக்கன்தான். பிள்ளை சான்றிதழ் வாங்க மேடைக்கு வருகிறது. பிரதம விருந்தினர் கை கொடுக்கிறார், வெடுக்கென்று இழுத்து லேஞ்சியில் துடைக்கிறார், பிறகு மைக்கில், "என்ன தம்பி, கையுக்குள்ள இரணைமடுக் குளம் வான் பாயுது? பயப்பிடாதையும், நான் கடிக்க மாட்டன்" என்கிறார். சபை சிரிக்கிறது. முன்வரிசைச் சேர்மாரும் சிரிக்கிறார்கள். நீங்கள் அதோடு காணொளியை நிறுத்தியிருப்பீர்கள். நான் கடைசிவரை பார்த்தேன். பிள்ளை சான்றிதழின் ஓரத்தை இரண்டு விரல் நுனியால் மட்டும் பிடித்துக்கொண்டு படியால் இறங்கியது. அந்தப் பிடி எனக்குத் தெரியும். முப்பது வருடமாக நானும் கடதாசியை அப்படித்தான் பிடிக்கிறேன்.

அந்தப் பிள்ளை பயந்து வேர்க்கவில்லை. வேர்த்துவிட்டதே என்றுதான் பயந்தது. 

இதற்குப் பெயர் இருக்கிறது. மிகை வியர்வை. டொக்டர்மார் ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்பார்கள். மனித உடம்பில் 20 முதல் 40 இலட்சம் வேர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. எங்களுக்கு அதைவிடக் கூட இல்லை. அவற்றுக்குக் கட்டளை கொடுக்கிற நரம்புதான் தேவையில்லாமல் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. சின்ன வயதிலோ வளரும் பருவத்திலோ தொடங்கும். பல குடும்பங்களில் பரம்பரையாக வரும். இரண்டு கையிலும் ஒரே அளவாக வேர்க்கும். நித்திரையில் நின்றுவிடும்.

இந்தக் கடைசி விசயத்தால் நான் பட்ட பாடு! நான் நித்திரையாகக் கிடக்கும்போது அம்மா கையைத் தொட்டுப் பார்ப்பா. காய்ந்து கிடக்கும். விடிந்ததும், "நித்திரையில ஒண்டுமில்லை, பள்ளிக்கூடம் எண்டவுடனதான் உனக்கு வேர்க்குது, நடிக்கிறாய்" என்பா. நித்திரையில் வேர்க்காததுதான் இந்த நோயின் அடையாளம் என்பது அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் இருபத்தேழு வயது வரை தெரியாது.

2005 மார்கழி, சாதாரண தரப் பரீட்சை. விடைத்தாள் நனையாமல் இருக்க மடித்த லேஞ்சியைக் கைக்குக் கீழே வைத்து எழுதினேன். மேற்பார்வைக்கு வந்தவர் அதை எடுத்து, மண்டபமே பார்க்க விரித்து உதறினார். கொப்பி அடிக்கத் துண்டு வைத்திருக்கிறேனாம். ஒன்றும் விழவில்லை, ஈரம்தான். "சீ" என்று மேசையில் போட்டார். மிச்சக் கணக்குகளை லேஞ்சி இல்லாமல் செய்தேன். பேனை வழுக்கியது, மை பரவியது. கணக்கில் எனக்கு வந்த பெறுபேற்றை இங்கே சொல்ல மாட்டேன். இன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கணக்குத்தான் படிப்பிக்கிறேன் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். என் கையில் சோக் இரண்டு வரிக்குள் களியாகிவிடும். என் மாணவர்கள் யாரும் இதுவரை சிரித்ததில்லை. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இருக்கிற மரியாதை மாலை போட்ட ஆட்களுக்கு இல்லை.

சரி, கோபத்தைக் கொஞ்சம் இறக்கிவைத்துவிட்டு வருகிறேன்.

"பதற்றப்பட்டால் கூட வேர்க்கும்தானே, அவர் சொன்னதில் என்ன பிழை?" என்று அந்தக் காணொளிக்குக் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார். கூட வேர்க்கும்தான். உள்ளங்கை வெயிலைவிட மனதுக்குத்தான் கூடக் காது கொடுக்கும். ஆனால் எங்களுக்கு ஒன்றும் நடக்காமல் சும்மா கதிரையில் இருந்தாலும் சொட்டும். அதை ஒருவர் பார்த்துவிட்டால் பதறும், பதறினால் இன்னும் சொட்டும். இந்தச் சுற்றுக்குள் நிற்கிற பிள்ளைக்கு மைக்கில் "பயப்பிடாதையும்" என்று சொல்வது, எரிகிற அடுப்புக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு அணைந்துபோ என்று சொல்வது மாதிரி.

இன்னொரு கருத்து இரண்டு நாளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. "கையும் காலும் இழந்த சனம் இருக்கிற மண்ணில் வேர்வைக்கு ஒரு அழுகையா?" எழுதியவர் வெளிநாட்டில் இருக்கிறார். ஏசியில் இருந்து எழுதியிருப்பார், போகட்டும். என் அண்ணாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பள்ளிக்கூடக் காலம் முழுக்க எனக்கு லேஞ்சி வாங்கித் தந்தது அவர்தான். ஒருநாளும் "எனக்குக் காலே இல்லை, உனக்குக் கைதானே வேர்க்குது" என்று சொன்னதில்லை. நோவை நிறுக்கத் தராசு பிடிக்கிறவர்கள் எப்போதும் தள்ளி நிற்கிறவர்களாகத்தான் இருக்கிறார்கள்.

என்ன வைத்தியம் என்று கேட்பவர்களுக்கு என் கதையைச் சொல்கிறேன். நான் டொக்டர் இல்லை, என் உடம்பில் நடந்தது இது.

முதலில் போன இடத்தில் தண்ணீர் குடி, வயது போகச் சரிவரும் என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு தோல் டொக்டர் ஒருவர் அலுமினியம் குளோரைட் கரைசல் தந்தார். இரவில் நன்றாகக் காய்ந்த கையில் பூசி, விடியக் கழுவ வேண்டும். கை காய்ந்தால்தானே பூசுவது! பூசினால் கடிக்கும். அக்குளுக்கு நன்றாகக் கேட்குமாம், உள்ளங்கைத் தோல் தடிப்பு என்பதால் அவ்வளவு கேட்காது. எனக்குப் பாதிதான் கேட்டது.

அடுத்தது ஐயன்டோபோரேசிஸ். தட்டில் தண்ணீர் விட்டுக் கையை வைத்தால் மெல்லிய மின்சாரம் பாயும். இருபது முப்பது நிமிடம், தொடக்கத்தில் கிழமைக்கு மூன்று நாலு தடவை. கைக்கும் காலுக்கும் நல்ல பலன் தருகிற வைத்தியம். இதற்காகக் கொழும்புக்கு பஸ் ஏறினேன். அந்த டொக்டர் படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார், உடம்புக்குள் உலோகம் ஏதும் இருக்கிறதா என்று. கம்பியோ தகடோ என்ற நினைப்பில் கேட்டார், பாவம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2009இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் விழுந்த ஷெல்லின் இரண்டு துண்டு இடது முழங்கைக்குக் கீழே இன்னும் கிடக்கிறது. எக்ஸ்ரே படத்தைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. உனக்கு இது வேண்டாம் என்றார். இதயத்துடிப்புக் கருவி வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும்கூட அது வேண்டாமாம். ஆகவே வேர்வையையும் போரையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுத் தாருங்கள் என்று கேட்கிறவர்களிடம் என் இடது கையைத்தான் காட்ட முடியும்.

இப்போது கிளைக்கோபைரோலேட் குளிசை. டொக்டர் சொன்ன நாட்களில் மட்டும் எடுக்கிறேன். கை காயும். வாயும் காயும், வகுப்பில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கையை மட்டும் இல்லாமல் முழு உடம்பின் வேர்வையையும் அது குறைக்கும். ஆகவே சித்திரை வைகாசி வெயிலில் வயலுக்குள் நிற்கிறவர்கள் கேட்டறியாமல் எடுக்கக் கூடாது. வேர்க்காத உடம்பு சூடாகி விழுந்துவிடும். போடொக்ஸ் ஊசியும் உண்டு, சில மாதங்களுக்குத்தான் தாங்கும், உள்ளங்கையில் குத்தினால் உயிர் போகும், விலையும் அப்படித்தான். நெஞ்சுக்குள் நரம்பை வெட்டுகிற சத்திரசிகிச்சையை அந்த டொக்டரே வேண்டாம் என்றார். கை காய்ந்து முதுகும் வயிறும் ஊற்றத் தொடங்கியவர்கள் நிறையப் பேராம்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாது. நடு இரவில் உடுப்பு நனைய வேர்த்து, உடம்பும் மெலிந்து, இருமலும் இருந்தால் அது என் கதை இல்லை. காசநோயா, தைரொயிட்டா என்று உடனே போய்ப் பாருங்கள்.

மனம். இதைப் பேசத்தான் எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வன்கூவரிலும் ஷாங்காயிலும் தோல் கிளினிக்குகளுக்கு வந்த 2,017 பேரைப் பார்த்தார்கள். மிகை வியர்வை உள்ளவர்களில் 27.2 வீதமானோருக்கு மனச்சோர்வு, 21.3 வீதமானோருக்குப் பதகளிப்பு. அது இல்லாதவர்களில் 9.7 வீதம், 7.5 வீதம். எனக்கு இந்த எண்கள் ஆச்சரியம் தரவில்லை. கோயிலில் ஐயர் தந்த விபூதி கையில் சேறாகிவிடும் என்று வற்றாப்பளைப் பொங்கலுக்கே நாலு வருடம் போகாதவள் நான். பெண் பார்க்க வந்த வீட்டு மாமி ஒருவர் என் கையைத் தொட்டுவிட்டு, அம்மாவிடம் மெதுவாக, "பிள்ளைக்கு உள்ளுக்குள்ள ஏதும் வருத்தமோ?" என்று கேட்டா. அந்தச் சம்பந்தம் போனதில் கவலையில்லை. தேத்தண்ணிக் கோப்பையை நான் கழுவிக்கொண்டிருக்கும்போது அம்மா அழுததுதான் இன்னும் கிடக்கிறது.

மனநல கிளினிக்குக்குப் போகிறேன் என்றதும் "விசரோ?" என்று கேட்ட உறவும் உண்டு. அங்கே போனதால் கை காயவில்லை. கையை ஒளிக்கிறதுதான் குறைந்தது. அது சின்ன விசயமில்லை.

இன்னொன்று, எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதுகிறேன். என் வாழ்க்கையில் கையைப் பற்றி யாருமே கேட்காத காலம், போரில் இடம்பெயர்ந்த எங்களை அடைத்து வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்த மாதங்கள்தான். தறப்பாளுக்குக் கீழே எல்லாருக்கும் வேர்த்தது. அந்த இடத்தை நினைத்தால் இந்த ஒரு நிம்மதியும் சேர்ந்து வருகிறது. எனக்கே வெட்கமாக இருக்கிறது.

விருந்தினர் சேருக்கு: நீங்கள் நல்ல மனுசன் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், நம்புகிறேன். மன்னிப்புப் பதிவு வேண்டாம், அதற்கும் அந்தப் படத்தைத்தான் போடுவார்கள். காணொளியைப் பகிர்ந்தவர்களிடம் அழிக்கச் சொல்லுங்கள், போதும்.

அந்தப் பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ இதைப் பார்த்தால் இன்பொக்ஸில் கதையுங்கள். வியாழக்கிழமை எனக்கு வகுப்பில்லை. பிள்ளைக்கு விருப்பமென்றால் தோல் கிளினிக்குக்கு நானும் கூட வருகிறேன். வரிசையில் நிற்க இரண்டு லேஞ்சி கொண்டு வருவேன்.