எதிர்த்தரப்பையும் வரைந்த அச்சுப்படங்கள்
மக்கிள்டோனியர்கள் என்ற சிறு ஆங்கிலேயக் கிறித்தவப் பிரிவினரின் வானியல் அச்சுப்படங்களை "விஞ்ஞானத்துக்கு எதிரான மதப் பிரசாரம்" என்று இங்கே வந்த கட்டுரை ஒரே வரியில் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1846இல் அந்தப் பிரிவைச் சேர்ந்த ஐசக் ஃப்ராஸ்ட் லண்டனில் வெளியிட்ட அந்தத் தொகுப்பில் நியூட்டனின் அண்டமும் இருக்கிறதே! சூரியனை நடுவில் வைத்து, கோள்களைச் சுற்றவிட்டு, அடர்நீலப் பின்னணியில் கதிர்களை ஒவ்வொன்றாகத் தீட்டியிருக்கிறார்கள். பூமி அசையாமல் நிற்க, சூரியனும் சந்திரனும் அதைச் சுற்றிவரும் தங்கள் அண்டத்துக்கும் அதே உழைப்புதான். எதிர்த்தரப்பை இவ்வளவு அழகாக அச்சிட்டுத் தரும் பிரசாரம் எங்கே இருக்கிறது? அச்சிட்டவரும் லேசுப்பட்டவர் இல்லை, எண்ணெய் மையில் வண்ண அச்சு போடும் முறைக்கு 1835இல் காப்புரிமை வாங்கிய ஜார்ஜ் பாக்ஸ்டர். அவர் முறையில் நிறத்துக்கு ஒரு அச்சுக்கட்டை. ஒன்று இம்மி விலகினாலும் படம் பாழ். மேலே கருத்து எழுதிய ஒருவர் "ஆள் பிடிக்கத்தான் இதெல்லாம்" என்கிறார். 1650களில் லண்டனில் உருவான இந்தச் சிறு பிரிவினர் மதம் மாற்றப் போனவர்களே இல்லை. கோயில் கட்டவில்லை, பிரசங்கம் செய்யவில்லை. மதுவிடுதி அறைகளில் கூடித் தங்கள் பாடல்களைப் பாடுவார்கள், அவ்வளவுதான். விவிலியம் சொல்லும் வானம் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று வரைந்து பார்க்கும் ஆசைதான் எனக்கு இந்தப் படங்களில் தெரிகிறது.