கடவுச்சொல் சரிதான், இணைப்புதான் இல்லை

வீட்டிலுள்ள கைபேசிகள் எல்லாம் புதிய ரவுட்டருடன் உடனே இணைந்துவிட, என் பழைய மடிக்கணினி மட்டும் ‘இந்த நெட்வொர்க்குடன் இணைய முடியவில்லை’ என்ற ஒரே வரியை மூன்று நாட்களாகக் காட்டிக்கொண்டிருந்தது. கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்தேன். ரவுட்டரை அணைத்து மீண்டும் இயக்கினேன். சேமித்திருந்த நெட்வொர்க்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தேன். எதுவும் பலிக்கவில்லை. ரவுட்டரின் அமைப்புகளுக்குள் துழாவிய பிறகுதான், அதன் பாதுகாப்பு முறை 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருப்பதும், அதற்கு முன்பே தயாரான என் கணினி டபிள்யூபிஏ2ஐத் தாண்டி எதையும் அறியாது என்பதும் புரிந்தது. இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றியதும் இணைப்பு கிடைத்துவிட்டது.

என் ஆற்றாமையெல்லாம் அந்த ஒற்றை வரியின் மீதுதான். ரவுட்டர் தன் பாதுகாப்பு முறையை நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அறிவிப்பைப் பெற்றுத்தான் கணினி நெட்வொர்க்கின் பெயரையே பட்டியலில் காட்டுகிறது. அப்படியிருக்க, பாதுகாப்பு முறை பொருந்தவில்லை என்று சொல்ல அதற்கு என்ன தடை? கடவுச்சொல்லில் பிழை என்றாலும், சிக்னல் வலுவில்லை என்றாலும், பாதுகாப்பு முறை ஒத்துவராவிட்டாலும் அதே வாசகத்தை நீட்டினால், பயனர் எதைத்தான் சரிசெய்வார்?